இடைவெளியை விடு, அக்கம்பக்கம் பார்

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, என் பின்னேர வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமார் கேட்பது ஒன்றைத்தான். "டீச்சர், இவளுக்குச் சொல்லு போதாது. இடைவெளி நிரப்பச் சொன்னா முழிச்சிக்கிட்டு இருக்கா. எந்தப் புத்தகத்த வாங்கிக் குடுத்து பாடமாக்கச் சொல்றது?"

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஹட்டன் நகரக் கடைகளில் அப்படிப்பட்ட புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒத்தகருத்துச் சொற்கள், எதிர்க்கருத்துச் சொற்கள், மரபுத்தொடர்கள் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். எங்கள் பிள்ளைகள் அதைப் பாடமாக்கியும் விடுவார்கள். சூரியனுக்கு என்னென்ன பெயர் என்று கேட்டால் ஆதவன், கதிரவன், ஞாயிறு, பரிதி, பகலவன் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆனால் "ஞாயிறு மேற்கில் மறைய, திங்கள் கிழக்கில் எழுந்தது" என்று ஒரு வசனத்தை எழுதிப் போட்டால், "ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சு திங்கட்கிழமை வந்துச்சு, டீச்சர்" என்று வருகிறது பதில். ஞாயிறு என்றால் சூரியன் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நேற்றுத்தான் ஒப்புவித்தது. தெரிந்த சொல்லை இந்த வசனத்துக்குள் வைத்துப் பார்க்கத்தான் யாரும் பழக்கவில்லை. 'மேற்கில்', 'மறைய', 'கிழக்கில்', 'எழுந்தது' என்று நான்கு சொற்கள் வரிசையாக நின்று இது வானத்துச் செய்தி என்று சொல்கின்றன. கிழமை மேற்கில் மறையுமா?

அதனால் நான் அம்மாமாருக்குச் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை, இருக்கட்டும். அதற்கு முன்னால் பிள்ளை எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இடைவெளிக் கோட்டையும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நான்கு விடைகளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். வசனத்தைப் பார்ப்பதே இல்லை. விடை இருப்பது வசனத்தில்.

வகுப்பில் நான் முதலில் செய்வது, விடைகளை உள்ளங்கையால் மூடச் சொல்வது. பிறகு வசனத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கோடு வரும் இடத்தில் "ம்ம்ம்" என்று இழுத்துவிட்டு, நிற்காமல் கடைசிவரை போக வேண்டும். கோட்டிலேயே நின்றுவிடக் கூடாது, அதுதான் முக்கியம். வாசித்து முடித்ததும், அந்த இடத்தில் என்ன வரும் என்று பிள்ளை தன் வாயால் ஒரு சொல் சொல்ல வேண்டும். நல்ல தமிழாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேசுகிற சொல்லாகவே இருக்கட்டும். அப்புறம் கையை எடுத்து, தான் சொன்னதற்குக் கிட்ட நிற்கும் விடை எது என்று தேட வேண்டும்.

ஒரு வசனத்தை முழுதாகக் காட்டுகிறேன். மழைக்காலத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டது.

"இரவு முழுவதும் பெய்த மழையால் ஆற்றில் நீர் ________, அதனால் பாலத்தைக் கடக்க முடியாமல் பிள்ளைகள் பாதி வழியில் திரும்பினர்." (வடிந்தது, தேங்கியது, பெருகியது, உறைந்தது)

ஐந்தாம் தரத்துப் பையன் ஒருவன் உடனே எழுந்து, "தேங்கியது" என்றான்.

"ஏன்டா?"

"மழை பெஞ்சா தண்ணி தேங்கும்தானே டீச்சர். எங்க வாசல்ல தேங்குது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. 'மழை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான், தன் வாசலையும் நினைத்துக்கொண்டான். யோசிக்காமல் குருட்டாம்போக்கில் ஒரு விடையைச் சொல்கிற பிள்ளையைவிட இது எவ்வளவோ மேல். ஒரே ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டான், அவ்வளவுதான்.

"தண்ணி எங்க இருக்கு? வாசிச்சுச் சொல்லு."

"ஆற்றில்."

பக்கத்தில் இருந்த பிள்ளை பொறுக்க முடியாமல், "ஓயாவுல தண்ணி ஓடிக்கிட்டேல்ல இருக்கும், எப்படித் தேங்கும்?" என்றாள். தேங்கியது போய்விட்டது. உறைந்தது என்ற சொல்லை யாரும் தொடவில்லை, மழைத் தண்ணீர் உறையாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மிச்சம் இரண்டு. வடிந்தது, பெருகியது. இரண்டுமே ஆற்று நீருக்குப் பொருந்தும். வசனத்தின் முதல் பாதியை மட்டும் வாசித்தால் மழை பெய்து ஓய்ந்து வடிந்துவிட்டது என்றுகூட நினைக்கலாம். முடிவு சொல்வது காற்புள்ளிக்குப் பிறகு வரும் பாதி. 'அதனால்', 'முடியாமல்', 'திரும்பினர்'. நீர் வடிந்திருந்தால் ஏன் திரும்புகிறார்கள்? அந்தப் பையனே கடைசியில் "பெருகியது" என்று சொன்னான். சொன்ன குரலிலேயே தெரிந்தது, இது ஊகமில்லை, உறுதி.

மற்ற வகுப்புகளில் இதோடு நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். எனக்கு இங்கேதான் பாடமே தொடங்குகிறது. பிழையாகப்போன மூன்று சொற்களையும் எடுத்து, ஒவ்வொன்றும் சரியாக வரும்படி வசனத்தை மாற்றச் சொல்வேன். முடிந்தவரை குறைவாக மாற்ற வேண்டும். 'ஆற்றில்' என்பதை 'மைதானத்தில்' என்று மாற்றி, 'பாலத்தைக் கடக்க' என்பதை 'பந்து விளையாட' என்று ஆக்கினார்கள். தேங்கியது சரியாக உட்கார்ந்துகொண்டது. 'மழை விட்ட மறுநாள்' என்று தொடங்கி, 'பிள்ளைகள் பாலத்தைக் கடந்து போயினர்' என்று முடித்ததும் வடிந்தது வந்தது. உறைந்தது மட்டும் லேசில் மடியவில்லை. கடைசியில் ஒருத்தி கடைக்காரரின் ஐஸ்பெட்டியைக் கொண்டுவந்தாள். "பெட்டிக்குள் வைத்த நீர் உறைந்தது, அதனால் போத்தலைச் சாய்த்தும் ஒரு சொட்டும் வரவில்லை." 'சாய்த்தும் வரவில்லை' என்று அவளாக எழுதியிருந்தாள். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் வாசிப்பவருக்கு விடை பிடிபடாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வசனத்துக்குள் துப்பை வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, மற்றவர்கள் வைத்த துப்பைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை.

துப்பு என்றால் பெரிய சொல்லாக இருக்க வேண்டியதில்லை. சின்னச் சின்ன இணைப்புச் சொற்களைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். "அவர் பெரும் செல்வந்தர், ஆகவே ________ வாழ்ந்தார்." இதே வசனத்தில் 'ஆகவே' இருந்த இடத்தில் 'இருந்தும்' என்று போட்டுப் பாருங்கள். முதலாவதில் ஆடம்பரமாக, இரண்டாவதில் எளிமையாக. வேறு எதுவும் மாறவில்லை. ஆனால், ஆயினும், மாறாக, இருந்தபோதிலும் என்பவை வந்தால் வசனம் திரும்பப்போகிறது. ஆகையால், எனவே, அதனால் வந்தால் நேரே போகப்போகிறது. 'போன்ற' வந்தால் பின்னால் வருவது ஒரு கூட்டத்தின் பெயர். 'அதாவது' வந்தால் எழுதியவரே பொருளைச் சொல்லிக்கொடுக்கிறார். இவற்றுக்குக் கீழே பென்சிலால் கோடு போடு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

தமிழில் நமக்கு இன்னொரு வசதி உண்டு. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வேற்றுமை உருபே வினையைக் காட்டிக்கொடுத்துவிடும். பஸ்ஸுக்காக என்றால் காத்திருந்தான். பஸ்ஸில் என்றால் ஏறினான். பஸ்ஸை என்றால் பிடித்தான், அல்லது தவறவிட்டான். பஸ்ஸிலிருந்து என்றால் இறங்கினான். நான்கு வினைகளையும் கொடுத்துவிட்டு, வசனத்தில் 'பஸ்' என்று மட்டும் போட்டால் யாராலும் சொல்ல முடியாது. உருபு ஒட்டியவுடன் விடை ஒன்றாகிவிடுகிறது. வினைமுற்றின் வாலும் அப்படித்தான். 'பறந்தன' என்று முடிந்தால் கோட்டில் வருவது ஒற்றைப் பறவையாக இருக்காது. 'ஓர்' என்று இருந்தால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும். 'அந்தச்' என்று ச் நின்றால் அடுத்து வருவது சகரத்தில் தொடங்கும் சொல். இந்தக் கடைசி இரண்டையும் நான் கடைசியில்தான் சொல்லிக்கொடுப்பேன். முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தேடத் தொடங்கிவிடுவார்கள். பொருளால் விடையைக் கண்டபிறகு சரிபார்க்க இது நல்ல வழி.

இதெல்லாம் இப்போது புதிதாக வந்த கற்பித்தல் முறை என்று சில ஆசிரியர்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இது இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், இங்கே எந்தப் பொருள் என்று எப்படித் தெளிவது? அது சேர்ந்து வரும் வினையால் தெளியலாம், இனத்தால் தெளியலாம், சார்பால் தெளியலாம் என்று மூன்று வழி காட்டுகிறது. உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்து விளக்குவார்கள். மா என்றால் மரமும் ஆகும், விலங்கும் ஆகும். 'மா பூத்தது' என்றால் பூப்பது மரம்தான், வினை சொல்லிவிட்டது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் மருதமரம் நிற்கிறது, ஆகவே இதுவும் மரம், இனம் சொல்லிவிட்டது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் 'மா கொண்டு வா' என்கிறான். வசனத்துக்குள் எந்தத் துப்பும் இல்லை. அவன் நிற்கும் கோலம்தான் துப்பு. போருக்குப் புறப்படுகிறவன் மாமரத்தையா கேட்பான்? குதிரை. அதுதான் சார்பு.

லயத்துக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தால் நாம் என்ன செய்வோம்? என்ன செய்கிறார், யாரோடு நிற்கிறார், எந்த வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிறார் என்று பார்த்து யார் என்று கணித்துவிடுவோம். வினை, இனம், சார்பு மூன்றையும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

உண்மையில் எங்கள் பிள்ளைகள் பேச்சில் இதை எந்நேரமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மலையகத்தில் பிறந்த பிள்ளைக்கு 'மடுவம்' என்றால் என்ன என்று தனியாகக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். கொழுந்து மடுவம் என்றால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம். பிள்ளை மடுவம் என்றால் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். முன்னால் நிற்கும் சொல் பொருளைத் தருகிறது, பிள்ளைக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. "அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பில் எல்லாருக்கும் புரியும், அரைநாள் சம்பளம் என்று. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவருக்கு அது பெயர் பற்றிய பேச்சாகக் கேட்டது. "கொழுந்து குறைஞ்சு போச்சாம், அதான்" என்று பிள்ளை சேர்த்துச் சொன்னதும் அவருக்கும் விளங்கிவிட்டது. கச்சான் வீசுகிறது என்றால் காற்று, கச்சான் கொறிக்கிறான் என்றால் நிலக்கடலை. கேட்கிற எவரும் தடுமாறுவதில்லை.

பனியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மலைகளில் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை! "பனியில் ரோடே தெரியவில்லை, பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது" என்றால் மூடுபனி. "காலையில் புல்லில் நடந்தால் பனியில் கால் நனைகிறது" என்றால் பனித்துளி. "பனி கொட்டித் தேயிலை கருகிவிட்டது" என்றால் அது நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் விழும் உறைபனி, செய்திகளில் துகள் உறைபனி என்று சொல்வார்களே அது. மூடுபனியில் தேயிலை கருகாது, பனித்துளியில் ரோடு மறையாது. 'தெரியவில்லை', 'நனைகிறது', 'கருகிவிட்டது' என்ற வினைகள்தான் பிரித்துக் காட்டுகின்றன. இதை ஏழாம் தரத்தில் சொல்லிக்கொடுத்தபோது, தான் இவ்வளவு நாளும் இந்த வேலையைத் தெரியாமலே செய்து வந்திருக்கிறேன் என்று கண்டுகொண்ட ஒரு பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பேச்சில் இருக்கும் அந்தத் திறமையைத் தாளில் இருக்கும் வசனத்துக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை.

தாளில் சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு. பாடநூலிலும் பயிற்சித் தாள்களிலும் வரும் பல பகுதிகள் யாழ்ப்பாணத்து வாழ்க்கையைச் சொல்பவை. பனை, வேலி, வளவு, கிணறு, கடல். எங்கள் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. முன்பின் தெரியாத சொல் ஒன்று வந்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, "இது எங்களுக்குத் தெரியாத தமிழ், டீச்சர்" என்பார்கள். எனக்கு அது மனதுக்கு மிகவும் வருத்தமான வசனம். நம்முடைய தமிழ் குறைந்தது என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது. அதனால் வேண்டுமென்றே அப்படிப்பட்ட சொற்களை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

ஒருநாள் இப்படி எழுதினேன். "அப்பு வேலிக்குக் கதியால் நட்டார். மாரி தொடங்கியதும் கதியால்கள் எல்லாம் தளிர்த்துவிட்டன. ஆடு அவற்றின் குழையை எட்டி எட்டித் தின்றது." கதியால் என்றால் என்ன? அகராதி கிடையாது, என்னிடம் கேட்கவும் கூடாது.

முதலில் எல்லாரும் சொன்னது, "வேலிக்கு நடுற கம்பு". வேலி, நட்டார் என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு வந்த பதில். சரி, கம்பு என்றால் இரும்புக் கம்பியா, சீமெந்துத் தூணா? அடுத்த வசனத்துக்குப் போனார்கள். "தளிர்த்துவிட்டன. அப்ப மரக்கம்பு." காய்ந்த விறகை நட்டால் தளிர்க்குமா என்று கேட்டேன். "பச்சைக் கம்பு, டீச்சர். வெட்டி நட்டா முளைக்கிற கம்பு. எங்க மரக்கறித் தோட்டத்துக்கு அப்பா கிளிசிரிடியா வெட்டி நடுவாரே, அது மாதிரி." அதுவேதான். யாழ்ப்பாணத்தில் பூவரசையோ கிளுவையையோ முள்முருக்கையோ வெட்டி நடுவார்கள், மற்றப்படி பொருள் ஒன்று. மூன்றாவது வசனம் இன்னும் ஒன்று கொடுத்தது. 'குழை' என்றால் ஆடு தின்னும் இலை. ஒரு சொல்லைத் தேடப்போய் இரண்டு சொல் கிடைத்தது. 'மாரி' மழைக்காலம் என்பதையும் அவர்களே கண்டார்கள், தளிர்ப்பதற்கு மழை வேண்டுமே. 'அப்பு' யார் என்பதில் மட்டும் சண்டை. அப்பாவா, தாத்தாவா, வேலைக்கு வந்த ஆளா? அந்த மூன்று வசனத்திலும் அதற்குத் துப்பு இல்லை. இல்லை என்று சொல்லவும் பழக வேண்டும். இந்த இடத்தில் முடிவு செய்ய முடியாது, இன்னும் வாசிக்க வேண்டும், அல்லது யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அறிவதும் வாசிப்புத்தான்.

அக்கம்பக்கத்துச் சொற்கள் பொருளின் எல்லையைக் காட்டும், எப்போதும் துல்லியமாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் ஊகித்தபிறகு அகராதியைப் பார்ப்பது நல்லது என்பேன். முதலில் ஊகம், பிறகு அகராதி. இந்த வரிசை மாறக் கூடாது. அகராதியை முதலில் திறந்தால் அங்கேயும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும், அதில் எது என்று தேர்வதற்குத் திரும்ப வசனத்துக்குத்தான் வர வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு, சாதாரண தரப் பரீட்சை எடுப்பவர்களுக்கு, வேறு ஒரு நுட்பம் தேவைப்படுகிறது. கொடுக்கும் நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே பொருளாக இருக்கும். காலமானார், மடிந்தனர், செத்தது, உயிர்நீத்தார். எல்லாமே சாவுதான். ஆனால் தோட்டத்து மாடு காலமாகாது. மரண அறிவித்தலில் பெரியவர் ஒருவர் 'செத்தார்' என்று போட மாட்டார்கள். பஞ்சத்திலும் போரிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் மடிவார்கள். ஒரு கொள்கைக்காக ஒருவர் உயிர்நீப்பார். இங்கே துப்பு யார், எந்த இடத்தில், எழுதுகிறவர் அவரை எப்படி மதிக்கிறார் என்பதில் இருக்கிறது. புன்னகைத்தார், சிரித்தார், நகைத்தார் என்பவையும் இந்த வகை. காய்ச்சலில் படுத்திருப்பவர் தாதியைப் பார்த்துப் புன்னகைப்பார், பலத்துச் சிரிக்க அவருக்குத் தெம்பு இல்லை. இதைப் பட்டியலில் பாடமாக்கவே முடியாது. நிறைய வாசித்தால்தான் வரும்.

ல, ள, ழ பற்றியும் சொல்ல வேண்டும். "மலை பெய்தது" என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். நாங்கள் பேசும்போது ழகரம் அவ்வளவாக வாயில் வருவதில்லை, ஆகவே காதை நம்பிப் பயனில்லை. வசனத்தை நம்பலாம். பெய்வது எது, ஏறுவது எது? 'தேயிலைக்கு நடுவில் பிடுங்கியது' என்றால் களை, 'மேடையில் ஆடியது' என்றால் கலை. அம்மாவின் விரலில் இருப்பது கொழுந்துக் கறை, ஓயாவின் ஓரத்தில் இருப்பது கரை. சொல்வதெழுதுதலில் நான் தனிச்சொல் சொல்வதே இல்லை. எப்போதும் முழு வசனம்தான்.

இனி ஒரு மனக்குறை. பிள்ளைகள் மேல் மட்டும் பழி போட முடியாது, கேள்வி தயாரிக்கிறவர்களும் சில நேரம் அநியாயம் செய்கிறார்கள். ஒரு பயிற்சித் தாளில் இப்படி இருந்தது: "________ மிகவும் அழகானது. (மலை, கடல், மலர், நிலா)". விடை மலர் என்று பின்பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஏன் மலர்? ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஊரில் இருக்கும் பிள்ளை 'மலை' என்று எழுதியதற்குப் பிழை போடப்பட்டது. நான் அதை வெட்டிவிட்டுச் சரி போட்டேன். துப்பில்லாத வசனத்தில் கோடு போட்டுவிட்டு அதைச் சொற்களஞ்சியப் பயிற்சி என்று சொல்லக் கூடாது. "பனித்துளி படிந்த அதன் இதழ்கள் மிகவும் அழகானவை, அந்த ________ பறிக்க மனம் வரவில்லை" என்று எழுதியிருந்தால் மலையும் கடலும் நிலாவும் தாமாகவே விலகிப்போயிருக்கும். கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. மூன்று பிழையான விடைகளையும் நீங்களே வசனத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றாவது பொருந்தினால் வசனத்தை மாற்றி எழுதுங்கள். நிச்சயமாக நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் ஒரு பிள்ளை தன் யோசனை பிழை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதைவிட அது மேல்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கும் பெற்றோருக்குக் காசு செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். கடையில் வடையோ கடலையோ சுற்றித் தரும் பேப்பர் துண்டை எறியாதீர்கள். வீரகேசரியோ தினக்குரலோ தினகரனோ எதுவாக இருந்தாலும் சரி. ஓரம் கிழிந்திருக்கும், எண்ணெய் பட்டு நடுவில் ஒரு சொல் அழிந்திருக்கும். அதைப் பிள்ளையிடம் கொடுத்து, கிழிந்துபோன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கேளுங்கள். "நுவரெலியா மாவட்டத்தில் பெய்துவரும் கடும்" என்று வரி அறுந்திருந்தால் பிள்ளை உடனே மழை என்று சொல்லும். "காரணமாக வீதியில் மண்மேடு" என்று அறுந்தால் சரிந்து என்று சொல்லும். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை வாசித்துக் காட்டும். பிள்ளை சொல்லும் காரணம் நியாயமாக இருக்கிறதா என்று காதால் கேட்டாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பாயி இப்படித்தான் தினமும் அந்திக்கு உட்கார்ந்து கேட்கிறார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். அந்தப் பிள்ளை காரணம் சொல்லும் அழகை இப்போது நீங்கள் கேட்க வேண்டும்.

மலையகத்துக்கு வெளியிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கிறேன். எங்கள் பிள்ளைகள் கதியாலைக் கண்டுபிடித்ததுபோல நீங்களும் முயன்று பாருங்கள்.

"மேல் மலையில் கவ்வாத்து முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அங்கே பச்சையே கிடையாது, குச்சி குச்சியாகத்தான் நிற்கிறது. இனிக் கொழுந்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தியில் பெண்கள் மிலாறு கட்டிச் சுமந்துகொண்டு வந்தார்கள். மழைக்கு முன் காயவைத்துவிட்டால் அடுப்புக்குக் கவலை இல்லை."

இதில் மலை என்றால் என்ன, கவ்வாத்து என்றால் என்ன, மிலாறு என்றால் என்ன? அகராதியைத் திறக்காமல், எங்கள் பக்கத்து நண்பர்களுக்குத் தொலைபேசி எடுக்காமல் சொல்லுங்கள். பொருளை மட்டும் சொன்னால் என் வகுப்பில் பாதிப் புள்ளிதான். எந்தச் சொல் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.